கீஸருக்குள்ளே 'கடகட' சத்தமா? எதை விடலாம், எதை விடக் கூடாது?

அதிகாலை ஐந்தரை மணி. பாத்ரூம் கீஸரைப் போட்டுவிட்டு, அடுப்பில் பாலை வைத்திருப்பார் அம்மா. சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து 'கட... கட... பட்' என்று சத்தம். யாரோ டேங்குக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவதுபோல இருக்கும். "என்னங்க, இது வெடிச்சிடாதே?" என்று அவர் கேட்க, "பழசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே பதில் வரும்.

அந்தப் பயமும் முழுக்கச் சரியில்லை, இந்த அலட்சியமும் சரியில்லை. கீஸர் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. சில சத்தங்கள் இயல்பானவை. சில, 'சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடு' என்கின்றன. ஒன்றிரண்டு மட்டும், 'உடனே ஸ்விட்சை அணை' என்கின்றன.

'கட கட', 'பட் பட்'

உப்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். தண்ணீர் சூடாகும்போது இவை வெள்ளைப் படிவமாகப் பிரிந்து ஹீட்டிங் காயிலிலும் டேங்கின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் பார்ப்போமே, அதே படிவம்தான். அதன் இடுக்கில் சிக்கிய தண்ணீர் மட்டும் அதிகமாகச் சூடாகி ஆவியாகும். அந்தக் குமிழிகள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் பட்டு உடையும் சத்தமே 'பட் பட்'.

லண்டன் போன்ற, சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர் வரும் ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களுக்கும் இதே பிரச்னை உண்டு. கெட்டில் கொதிப்பதுபோலக் கேட்பதால் அங்கே இதற்கு 'கெட்டிலிங்' என்றே பெயர்.

இதனால் டேங்க் அன்றைக்கே வெடித்துவிடாது. ஆனால், படிவம் போர்வைபோல மூடிக்கொள்வதால் தண்ணீர் சூடாக அதிக நேரம் ஆகும், கரன்ட் பில் ஏறும், ஒருநாள் காயில் எரிந்தே போகும். டெக்னீஷியனை அழைத்து, காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து தீர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை இந்த சர்வீஸ் அவசியம்.

'டிக்'

ஒரே ஒரு 'டிக்' கேட்டு, விளக்கு அணைந்தால் கவலை வேண்டாம். செட் செய்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும் சத்தம் அது. அணைத்த பிறகு கேட்கும் மெல்லிய 'டிக்... டிக்', சூட்டில் விரிந்த உலோகம் ஆறிச் சுருங்குவது. ஆனால், தண்ணீரைப் பயன்படுத்தாதபோதும் நிமிடத்துக்கு நிமிடம் 'டிக் டிக்' என்று அணைந்து எரிந்தால், தெர்மோஸ்டாட்டைச் சரிபார்க்க வேண்டும்.

குழாயை மூடினால் 'டம்'

இது கீஸரின் சத்தம் அல்ல, பைப்பின் சத்தம். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தும்போது அது பைப்பில் மோதுகிறது. பிரஷர் பம்ப் இருக்கும் வீடுகளில் அதிகம் கேட்கும். ஆடும் பைப்பை கிளாம்ப் போட்டு இறுக்கி, குழாயை மெதுவாக மூடினாலே பெரும்பாலும் சரியாகும். தொடர்ந்தால், பிளம்பரிடம் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

'களக் களக்'

பைப்பில் காற்று புகுந்திருக்கிறது. மொட்டை மாடி டேங்க் காலியாகியிருக்கலாம். தண்ணீர் இல்லாமல் கீஸர் ஓடினால் காயில் எரிந்துவிடும். அதனால் ஸ்விட்சைப் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

'சொட்டு... சொட்டு'

கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். கீஸருக்கு அடியில், குளிர்ந்த நீர் நுழையும் பைப்பில் சிறிய சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு கூடுகிறது. திரும்பிப் போக வழியில்லாவிட்டால், அந்தக் கூடுதல் நீர் வால்வு வழியாகச் சொட்டும். கீஸர் ஓடும்போது மட்டும் சொட்டினால் அது இயல்பு.

ஆனால் பல வீடுகளில், 'லீக் ஆகுது' என்று அந்தத் துளையைத் துணி வைத்துக் கட்டுகிறார்கள், எம்-சீல் வைத்து அடைக்கிறார்கள். இதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. அந்தக் காலத்து செம்பு பாய்லரில் நடுவில் கரி எரியும், மேலே தண்ணீர் ஊற்றும் வாய் திறந்தே இருக்கும். ஆவி அதன் வழியே போய்விடும். கீஸரோ மூடிய டேங்க். தெர்மோஸ்டாட்டும், அதற்குத் துணையான கட்-அவுட்டும் பழுதாகும் நாளில் அழுத்தம் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தத் துளைதான். அதை அடைத்தால் டேங்க் வெடிக்கக்கூடும்.

கீஸர் அணைந்திருக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால், தண்ணீரின் அழுத்தம் அதிகம் அல்லது வால்வில் உப்பு அடைத்திருக்கிறது. வால்வை மாற்றுங்கள், அடைக்காதீர்கள்.

இந்த மூன்றுக்கும் உடனே ஆஃப்

1. ப்ளக் அல்லது ஸ்விட்ச் பக்கம் 'சர்ர்ர்', கருகல் வாடை: ஒயர் இணைப்பு தளர்ந்து தீப்பொறி பறக்கிறது. 2,000 வாட் கீஸர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் ப்ளக் தாங்காது, 16 ஆம்பியர் ப்ளக் தேவை.

2. வால்விலிருந்து 'உஸ்ஸ்' என்று ஆவி அல்லது கொதிநீர் பீறிடுவது: சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் வேலை செய்யவில்லை. அருகில் போகாதீர்கள்.

3. கீஸர் போட்டதும் ஆர்.சி.சி.பி 'டக்' என்று விழுவது: எங்கோ மின்கசிவு இருக்கிறது. மறுபடி மறுபடி தூக்கிவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

மூன்றிலும் ஈரக் கையோடு கீஸரைத் தொடாமல், எம்.சி.பி-யை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கேஸ் கீஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பற்றும்போது 'டப்' என்று வெடிச் சத்தம் கேட்டாலோ, நீலச் சுடர் மஞ்சளாக எரிந்தாலோ பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய பாத்ரூமில் உயிரையே எடுத்துவிடும்.

இன்றைக்கே இரண்டு நிமிடம் ஒதுக்கி, உங்கள் வீட்டு கீஸருக்கு அடியில் எட்டிப் பாருங்கள். வால்வின் துளை திறந்திருக்கிறதா? யாராவது துணி கட்டி வைத்திருந்தால் கீஸரைப் போடாதீர்கள். பிளம்பரை அழைத்து வால்வை மாற்றிய பிறகு, நாளைக்கு நிம்மதியாகக் குளிக்கலாம்.