கேலரியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள்

தமிழ்நாட்டின் ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதியிலும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், இதுபோன்ற திட்டங்களில் புல்தரை, ஓடுதளம், மின்விளக்கு, செலவு ஆகியவை பேசப்படும் அளவுக்கு ஆட்டம் பார்க்க வருகிறவரைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. பார்வையாளருக்கான குறைந்தபட்ச வசதிகளை விதியாக எழுதிவைக்காமல் இனி எந்த அரங்கத்துக்கும் அடிக்கல் நாட்டக் கூடாது.

பத்தமடையிலிருந்து ஒரு குடும்பம் மாலை ஆட்டம் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு நான்கு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். வெயில் படாமல் உட்கார இடம் இருக்குமா? பந்து கண்ணுக்குத் தெரியுமா? பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை உண்டா? ஆட்டம் முடிந்தபின் ஊர் திரும்பப் பஸ் கிடைக்குமா? எந்த அரங்கத்தையும் இந்த நான்கு கேள்விகளைக் கொண்டே எடைபோட வேண்டும்.

நெல்லை வெயிலில் மாலை நான்கு மணிக்குக் கிழக்கு கேலரியில் உட்காருகிறவர் சூரியனைப் பார்ப்பாரே தவிர, பந்தைப் பார்க்க மாட்டார். எந்தப் பக்கம் இருக்கை, எவ்வளவு கூரை என்பதை வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். கூரை இருந்தால் மட்டும் போதாது, அது நிற்கவும் வேண்டும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தின் கேலரிக் கூரை 2022இல் காற்று மழைக்குச் சரிந்ததை இந்த ஊர் மறந்திருக்காது.

அடுத்தது தூரம். 2015இலும் 2017-18 பருவத்திலும் ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி.யின் சொந்தக் களமான நேரு விளையாட்டரங்கில், ரசிகருக்கும் பந்துக்கும் நடுவே ஓடுதளம் கிடக்கிறது. எட்டுத் தட ஓடுதளம் இருந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் ரசிகர் முப்பது மீட்டருக்கும் அப்பால் தள்ளப்படுகிறார். கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கில், ஏறத்தாழ 25,000 பேர் தெற்கு கேலரியில் கோலுக்கு நேர்பின்னால் நின்றபடி பார்க்கிறார்கள். தடகளத்துக்கு ஓடுதளம் அவசியம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. அது மாவட்டத் தலைநகர அரங்கில் இருக்கட்டும். தொகுதி அரங்கங்களில் சிலவற்றையாவது கோட்டோரம் வரை படிக்கட்டு இறங்கிவரும் கால்பந்துத் திடல்களாகக் கட்டலாம். அதற்குப் பெரிய இடமோ பெரிய பணமோ வேண்டியதில்லை.

பாதுகாப்பில் எண்ணிக்கை மோகம் ஆபத்தானது. 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகக் கொச்சி நேரு அரங்கின் பார்வையாளர் எண்ணிக்கை 29,000ஆகக் குறைக்கப்பட்டது. கூட்டம் விரைவாக வெளியேற முடியுமா என்பதே அங்கு கேள்வி. 1980இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசலில் 11 பேர் நெரிசலில் மாண்டார்கள். எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதை வாசல்களின் அகலம்தான் சொல்ல வேண்டும்.

வி.ஐ.பி. மோகமும் ஒழிய வேண்டும். 2025 டிசம்பரில் மெஸ்ஸியைக் காணப் பெரும்பணம் கொடுத்துக் கொல்கத்தா சால்ட் லேக் அரங்குக்கு வந்தவர்களுக்கு, அவரைச் சூழ்ந்த பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. ஆத்திரத்தில் இருக்கைகள் பெயர்த்தெறியப்பட்டன. அந்த வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனால், டிக்கெட் வாங்கியவரை அவமதித்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

கால்பந்துக்கு இங்கே யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2018 ஜூனில் மும்பையில் இந்திய அணி ஆடியபோது வந்தவர்கள் 2,569 பேர். கேப்டன் சுனில் சேத்ரி காணொளியில் வேண்டுகோள் விடுத்ததும் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அழைத்தால் மக்கள் வருவார்கள். வந்தவரை மறுபடி வரவைப்பது நிழலும் கழிப்பறையும் பஸ்ஸும்தான். ஜெர்மனியில் பல கிளப்புகளின் ஆட்ட டிக்கெட்டே உள்ளூர்ப் பயணச் சீட்டு. சேப்பாக்கத்தில் 2023 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போக முடிந்தது. ஆட்ட நாளில் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியில் இரவுப் பஸ் ஒன்றைக் கூடுதலாக இயக்குவது போக்குவரத்துக் கழகத்தால் ஆகாத காரியமா?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதற்கான விதிகளை வரைவாக வெளியிட வேண்டும். நிழல், பார்வைத் தூரம், பெண்கள் கழிப்பறை, குடிநீர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம், அவசர வாசல், ஆட்ட நாள் பஸ் ஆகிய ஏழும் அதில் இடம்பெற வேண்டும். மக்களின் கருத்தைக் கேட்டு விதிகளை இறுதிசெய்த பிறகே டெண்டர் விட வேண்டும். கட்டி முடித்த அரங்கம் இந்த விதிகளுக்குப் பொருந்தாவிட்டால் ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை நிறுத்திவைக்க வேண்டும்.