துப்பாக்கி உறையும் தைத்த கையும்

‘கையால் தைத்தது’ என்னும் இரு சொற்களின் மயக்கம் நம் இலக்கிய நண்பர்களையும் விட்டபாடில்லை. கௌபாய் படங்களில் நாயகனின் இடையில் தொங்குமே, அந்தத் துப்பாக்கி வாரும் உறையும் அமெரிக்காவில் இன்றும் நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. தைப்பவர் அங்கே கலைஞர். ஓசூரில் சாலையோரக் குடைநிழலில் அமர்ந்து தோல் தைப்பவரை ஊர் எப்படி விளிக்கிறது என்பதை எழுத நமக்குக் கை வரவில்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம். துப்பாக்கி உறைக்கு மென்மையான குரோம் தோல் அவ்வளவாக உதவாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட விறைப்பான தோல் வேண்டும். அதை நனைத்து, ஆயுதத்தின் வடிவுக்கு அழுத்திக் காயவைத்தால் அவ்வடிவு நிலைத்துவிடும். சம இடைவெளியில் புள்ளியிட்டு, குத்தூசியால் துளைத்து, மெழுகேற்றிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்க வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்று அறுந்தால் மற்றதும் நெகிழும். கைத்தையலில் ஓரிழை தேய்ந்து அறுந்தாலும் மற்றது தாங்கும். நம் குடைநிழலில் இரட்டை ஊசிக்குப் பதில் கொக்கியுள்ள ஊசி, கைக்கணக்கில் குறைவொன்றுமில்லை. தோலும் அயற்சரக்கன்று. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தமிழகத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கடல் கடந்தது. பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது.

1972இல் வந்த ‘கங்கா’வின் ஜெய்சங்கரைப் பற்றியும், 1975இல் வெளியான ‘ஷோலே’யைப் படம்பிடித்த, நம் எல்லைக்கு அப்பாலுள்ள ராமநகரப் பாறைகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த வார்களைத் தைத்த கையைப் பற்றி ஒரு வரி? நாம் கண்டதில்லை.

திரைப்படம் கிடக்கட்டும். மோட்டார் வரும்வரை இவ்வட்டாரக் கிணறுகளில் ஓடிய கவலை ஏற்றத்தின் தோல்வாலைத் தைத்தவர்கள் அருந்ததியர். அத்தையல் விட்டால் வயலுக்கு நீரில்லை. கூலி தானியமாக வந்தது. குடியிருப்பு ஊருக்கு வெளியே.

தமிழ்த்துறைகளின் கதை இன்னும் விசித்திரம். புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்குக் கட்டில் பிணிப்பவனின் ஊசியை உவமையாக்குகிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. அவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி பறக்கிறது. அரசனின் ஆற்றலை அளக்க அந்தக் கை வேண்டியிருந்தது. கைக்குரியவனுக்குக் கிடைத்த பெயர் ‘இழிசினன்’. வகுப்பில் ‘விரைவு உவமை’ என்று குறிப்பெழுத வைத்து அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறார்கள். சங்ககாலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லையென்று மேடையில் முழங்குவோர் இச்சொல்லுக்கு என்ன உரை சொல்வார்கள்?

“தொழிலைப் போற்றுவது குலக்கல்வியை மீட்பதாகும்” என்று முற்போக்கு நண்பர்கள் மறுக்கலாம். மறுப்பில் நியாயமுண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது; கைவிடப்பட்டதே நன்று. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை ஏற்க முடியாதென 2024இல் தமிழக அரசு சொன்னதும் சரியே. ஆனால் பிறப்பை மறுப்பதாகச் சொல்லித் திறனையும் சேர்த்துப் புதைப்பது எந்த ஊர் நியாயம்? தைப்பவரின் மகள் பொறியாளராகட்டும். பொறியாளரின் மகன் தோல் தைக்கக் கற்கட்டும். இரண்டாவதைச் சொன்னவுடன் முகங்கள் சுளிக்கின்றன பாருங்கள், நம் சண்டை அந்தச் சுளிப்போடுதான்.

இத்தனை ஆலைகள் உள்ள ஓசூரிலோ பர்கூரிலோ கைத்தோல் தையலை எவரும் சேரக்கூடிய ஒரு பாடமாக வையுங்கள். குடைநிழலில் இருப்பவரைப் பட்டம் கேட்காமல், மாதச் சம்பளத்துக்குப் பயிற்றுநராக அமர்த்துங்கள். 82ஆம் பாடல் நடக்கும் நாளில் தமிழ்த்துறைகளும் அவரை வகுப்புக்கு அழைக்கலாம். மதிப்பூதியத்தோடு.