செத்தவருக்குப் பாட்டு! உழைப்பவருக்குப் பூட்டா?

"கலை வேறு, வேலைநிறுத்தம் வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்" என்று நமக்குப் புத்தி சொல்லும் கனவான்கள் நிறைய உண்டு. சங்கீதத்தில் கூலி, சங்கம் என்ற பேச்சு நுழைந்தால் அபஸ்வரம் தட்டிவிடுமாம்! இவர்களை நியூயார்க் வரை அழைத்துப் போக விரும்புகிறோம். முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இவர்களுக்குப் பதில் இருக்கிறது.

ஜூலியா வுல்ஃப், 1958-ல் பிலடெல்பியாவில் பிறந்த இசையமைப்பாளர். பெரிய வாத்தியக் குழுக்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் எழுதுகிறவர். அங்கே இசைக் குழுக்கள் பணம் கொடுத்துப் புதிய இசையை எழுதி வாங்கி, அரங்கேற்றுவது வழக்கம். அப்படிக் கேட்டு வந்தவர்களுக்கு இந்த அம்மையார் எதை எழுதித் தந்தார்? ராஜா ராணி கதையையா? நிலாவையும் பூவையுமா?

இல்லை. 2014-ல் பிலடெல்பியாவில் அரங்கேறிய 'ஆந்த்ரசைட் ஃபீல்ட்ஸ்' பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கதை. 1869 முதல் 1916 வரை அங்கே விபத்துக்கு ஆளானவர்களின் பதிவேட்டை அவர் எடுத்தார். அதில் ஜான் என்ற பெயருள்ளவர்களை, அவர்களிலும் ஓரசைக் குடும்பப் பெயர் உள்ளவர்களை மட்டும் பொறுக்கினார். அந்தப் பெயர்களைப் பாடவே ஒரு நீண்ட பகுதி வேண்டியிருந்தது! மீதிப் பேரையும் சேர்த்தால் எத்தனை இரவு பாட வேண்டும்? கரியிலிருந்து வெறும் கையால் கல் பொறுக்கிய சிறுவர்களும் அதில் வருகிறார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிசின் பேச்சும் அதில் பாட்டாகியிருக்கிறது. 2015-ல் இதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

2019 ஜனவரியில் நியூயார்க் பில்ஹார்மானிக் வாத்தியக் குழு இவருடைய 'ஃபயர் இன் மை மவுத்' என்ற படைப்பை அரங்கேற்றியது. 'என் வாயில் நெருப்பு' என்று பொருள். மேடையில் பாடியவர்கள் 146 பெண்களும் சிறுமிகளும். ஏன் 146? 1911 மார்ச் 25-ந் தேதி அதே நகரில் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலைத் தீயில் மாண்ட தொழிலாளர் தொகை அது. 123 பேர் பெண்கள், 23 பேர் ஆண்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த யூத, இத்தாலிய ஏழைகள். பாடுகிற பெண்கள் கத்திரிக்கோலைத் திறந்து மூடி ஒலி எழுப்புகிறார்கள். முடிவில் 146 பெயர்களும் பாடப்படுகின்றன.

கதவைப் பூட்டியது யார்?

ஒன்பதாவது மாடியில் ஒரு மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போகும் தொழிலாளி துண்டுத் துணி திருடிவிடுவாளாம்! ஒரே வழியாக வெளியே விட்டு, பையைச் சோதிக்க வேண்டுமாம்! மில் கேட்டில் சோதனைக்கு நிற்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. பெண்கள் ஜன்னலிலிருந்து குதித்துத் தெருவில் விழுந்து செத்தார்கள்.

முதலாளிகள் பிளாங்க், ஹாரிஸ் இருவரையும் அதே ஆண்டு டிசம்பரில் கோர்ட்டு விடுதலை செய்தது. 1914-ல் சிவில் வழக்கு போட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது உயிருக்கு 75 டாலர். 1913-ல் பிளாங்க் மறுபடியும் வேறொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்! இதுதான் அவர்களுடைய நீதியின் ஸ்ருதி சுத்தம்!

பாட்டின் தலைப்பு எங்கிருந்து வந்தது? கிளாரா லெம்லிச் என்ற தையல் தொழிலாளி தன் இளமைக்காலப் பேச்சைப் பற்றிப் பிற்காலத்தில் சொன்ன வார்த்தை அது. 1909 நவம்பரில், 23 வயதில் மேடையேறி, பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்று முழங்கியவர் அவர். இருபதினாயிரம் தையல் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். டிரையாங்கிள் முதலாளிகள் கடைசிவரை சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. அங்கேதான் பதினாறு மாதம் கழித்துப் பிணங்கள் விழுந்தன. கிளாரா பின்னாளில் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். தள்ளாத வயதில் முதியோர் இல்லத்தில் இருந்தபோதும் அங்கே வேலை செய்தவர்கள் சங்கம் சேரத் துணை நின்றார்.

கைதட்டியது யார்?

ஜூலியா வுல்ஃபை மனமார வாழ்த்துகிறோம். ஆனால் கைதட்டிய சீமான்களிடம் ஒரு கேள்வி உண்டு. அந்த மண்டபத்தின் பெயர் டேவிட் கெஃபன் மண்டபம். 10 கோடி டாலர் கொடுத்த கோடீஸ்வரரின் பெயர் 2015-ல் அதற்குச் சூட்டப்பட்டது. அது நிற்கும் லிங்கன் சென்டர் எழுவதற்காக, கறுப்பர்களும் போர்ட்டோரிக்கர்களும் வாழ்ந்த சான் ஹுவான் ஹில் பேட்டை இடிக்கப்பட்டது. 7,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் விரட்டப்பட்டன. அங்கே உட்கார்ந்து, நூறாண்டுக்கு முன் செத்த தொழிலாளிக்காகக் கண்ணீர் விடுவது சுலபம். உயிரோடிருக்கும் தொழிலாளிக்கு என்ன செய்தீர்கள்?

2012 நவம்பரில் வங்காள தேசத்தின் தஸ்ரீன் தையல் தொழிற்சாலை எரிந்தது. தீ மணி அடித்தும் மேலாளர்கள் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேயும் வழி பூட்டியிருந்தது. 112 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்கள் தைத்த உடுப்புகள் யாருக்கு? அமெரிக்கப் பெருங்கடைகளுக்கு! பூட்டு நியூயார்க்கிலிருந்து கப்பலேறிப் போயிருக்கிறது. சாவி மட்டும் முதலாளி கையிலேயே இருக்கிறது.

"அது பணக்காரர் சங்கீதம், நமக்கென்ன?" என்று நம் தோழர்களிலும் சிலர் கேட்கலாம். மண்டபம் அவர்களுடையதாக இருக்கலாம். டிக்கெட்டும் அவர்கள் கையில் இருக்கலாம். பாடப்பட்ட பெயர்கள் நம்முடையவை. 146 பேரின் சாவை அனுதாபக் கதையாகச் சுருக்கிவிட முதலாளி வர்க்கம் விரும்பும். அந்தப் படைப்பின் மூன்றாம் பகுதிக்குத் தலைப்பே 'எதிர்ப்பு' என்பதை நாம் மறக்க விடக்கூடாது. தீ விபத்துக்குப் பின் நியூயார்க்கில் தொழிற்சாலைச் சட்டங்கள் வந்தது முதலாளியின் மனம் இளகியதால் அல்ல. மழையில் நனைந்தபடி இறுதி ஊர்வலம் போன பெருந்திரளாலும், விடாமல் நின்ற சங்கத்தாலும்.

பாட்டு செத்தவரின் பெயரைக் காப்பாற்றும். உயிரைக் காப்பாற்றுவது சங்கம். தோழர்களே! நாளை ஷிப்டுக்குப் போகும்போது உங்கள் இலாகாவின் பின்கதவைப் பாருங்கள். பூட்டியிருந்தால் அன்றைக்கே சங்கத்தில் சொல்லுங்கள். திறக்கும்வரை விடாதீர்கள்!