வளர்ந்தோர்க்கும் ஒரு நீச்சற்போட்டி வேண்டும்

கடலோரத்திற் பிறந்தவனுக்கு நீச்சல் கற்பிப்பதா என்று நகைப்பவர்கள் நமது கரைத்தீவிலும் உளர். வள்ளத்திலிருந்து தவறி விழுந்தால் கைகாலை அடித்துக் கரைசேர்வதையே நீச்சலென்று எண்ணி நெடுங்காலமாகத் திருப்தியடைந்துவிட்டதன் விளைவு அந்த நகைப்பு. புத்தளம் களப்பின் பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழமே உடையதாதலின், இடுப்பளவு நீரில் நின்று வலையிழுத்தே பழகிய ஒருவன், கால் ஊன்ற நிலமில்லாத இடத்தில் சுவாசம் குலையாமல் நானூறு மீற்றர் செல்லக்கூடியவன்தானா என்பது சந்தேகத்துக்குரிய விஷயம்.

இந்தக் குறை நீங்குவதற்கு, வளர்ந்தோருக்கென்றே ஒரு நீச்சற்போட்டியை நம்மூரில் நடத்துவதைக் காட்டிலும் சிறந்த உபாயம் இல்லையென்பது எனது அபிப்பிராயம். பிள்ளைகளுக்குப் பாடசாலையும் ஆசிரியரின் கண்டிப்பும் உண்டு. குடும்பபாரம் சுமக்கும் நாற்பது வயதுக்காரனை மாலைதோறும் நீரில் இறக்கவல்லது, நாட்காட்டியில் வட்டமிடப்பட்ட ஒரு தினம் மாத்திரமே. 25 வயது நிரம்பியோரை ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாக வகுத்து நடத்தும் உலகப் போட்டி, 1986ஆம் ஆண்டு டோக்கியோவில் ஆரம்பமாயிற்று. அங்கே ஐம்பது வயதுக்காரன் தன் வயதொத்தவர்களோடுதான் போட்டியிடுகிறான்.

முதன்முறை போட்டிக்குச் செல்பவன் தூரத்தை நாளுக்குநாள் பெருக்குவதே ஆயத்தமென்று மயங்குகிறான். நம்மவர் பெரும்பாலும் தலையைத் தூக்கியே நீந்துவர். அலையையும் வள்ளத்தையும் கவனிக்க அது உதவுமாயினும், தலை உயர உயரக் கால் தாழ்ந்து, உடல் நீரைக் கிழித்துச் செல்லாமல் முட்டித் தள்ளுவதால், பாதித் தூரத்திலேயே தோள் சோர்ந்துவிடும். முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை அங்கேயே மெல்ல விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மீண்டும் இழுக்கும் பழக்கம் கைவந்த பின்னரே வேகத்தைப்பற்றி யோசித்தல் தகும். வேகத்திலும் முதற்பாடம் நிதானமே: ஆரவாரத்தில் முதல் ஐம்பது மீற்றரைப் பாய்ந்து கடப்பவன் அடுத்த ஐம்பதில் தத்தளிப்பான்; சிறிது இளைப்பாறி இளைப்பாறி நான்கு ஐம்பதுகளையும் ஒரே நேரக்கணக்கில் முடிக்கப் பழகியவன் தடுமாறான்.

தடாகம் இல்லாத ஊரில் இது சாத்தியமா என்பர். களப்பின் அமைதியான ஓரத்தில் ஐம்பது மீற்றர் இடைவிட்டு இரண்டு கம்புகளை நட்டால் பயிற்சிக்குப் போதும். ஆயினும், உவர்நீர் தாங்குமளவுக்கு நன்னீர் உடலைத் தாங்காதாகையால், வெளியூர்ப் போட்டிக்குச் செல்பவர் முன்கூட்டியே தடாகத்திற் சிலநாள் நீந்திப் பார்த்தல் அவசியம். மார்பு நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளாலும் ஒருங்கே சுவரைத் தொடாதவன் தகுதியிழப்பான் என்பதைக் கம்பைச் சுற்றிவரும் பழக்கம் கற்பிக்காது. மேடையிலிருந்து பாய அஞ்சுவோர் கலங்க வேண்டியதில்லை. வளர்ந்தோர் போட்டியில் நீருக்குள் நின்றே புறப்படவும் விதி இடமளிக்கிறது.

1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியையும், 1971இல் போகவும் வரவும் அதனை நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தனையும் மேடைதோறும் புகழ்கின்ற நாம், அவ்விருவரும் வளர்ந்த மனிதர்களாய் இருந்தே அச்சாதனையைப் புரிந்தார்கள் என்பதை மறந்து, நீச்சலைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவது விநோதமே.

நீரில் மூழ்கி மாள்வதைத் தடுப்பதற்கென ஐக்கிய நாடுகள் சபை 2021ஆம் ஆண்டு பிரகடனம் செய்த தினம் யூலை 25. நமக்கோ அது சோளகம் வீசுங் காலம். ஆகவே காற்றடங்கும் பங்குனி, சித்திரையில் ஒரு நாளை மீனவர் சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் கூடி இப்போதே குறித்துவிடட்டும். போட்டியாளர் ஒவ்வொருவரும் முன்னதாக வைத்தியரைக் காண்பதும், நீந்துவோர் பக்கத்தில் காவல் வள்ளங்கள் நிற்பதும் கட்டாயமாகட்டும். பெண்களுக்குத் தனிநேரமும், தத்தம் ஆசாரத்துக்கிசைந்த உடையணியும் உரிமையும் வேண்டும். முதலாண்டில் பதக்கமும் வேண்டாம். குறித்த தூரத்தைக் கால் ஊன்றாமல் முடித்த அனைவர் பெயரையும் பாடசாலை மண்டபத்தில் வாசித்தால், அடுத்த ஆண்டுக்கான ஆயத்தத்தை ஊரார் தாமே ஆரம்பித்துவிடுவர்.