கையெழுத்து வேறு, வேலை வேறு!

நான் பி.காம். எனக்கும் புரிந்த இரும்புக் கதை இது.

உருக்காலையில் லேடில் என்று ஒரு ராட்சத வாளி. உள்ளே சுமார் 1600 டிகிரியில் எஃகுக் குழம்பு. கரண்டி விட்டால் கரண்டியே காலி! அதனால் அடியிலிருந்து ஆர்கான் வாயுவைக் குமிழியாக விட்டுக் கலக்குகிறார்கள். குறைந்தால் அழுக்கு மேலே வராது. பின்னால் பேரிங்கில் விரிசல் விடலாம். கூடினால் மேலே மூடிய கசடு விலகி, எஃகு காற்றைக் குடித்துக் கெடும்.

மீட்டர் இருக்கிறதே? வழியில் குழாய் ஒழுகினாலும் அது, 'போயிட்டிருக்கு சார்' என்றே சொல்லும். ரிஜிஸ்டரில் கையெழுத்து, ஆள் டீக்கடையில்!

ஆகவே வாளியின் அதிர்வையே கருவி வைத்து அளக்கிறார்கள். உள்ளே நிஜமாகக் கலங்கினால்தான் வெளியே நடுங்கும்.

நல்லவேளை, நம்ம நாற்காலியில் இதை இன்னும் மாட்டவில்லை.