கசட்டுத் தொட்டியருகே நிற்பவரின் மூச்சையும் அளக்க வேண்டும்

ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் காலணியின் தோலில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் அதை அங்கே விற்க முடியாது. சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் என்பதால் 2015 மே முதல் இதுதான் விதி. பாலாற்றுக்கும் காவல் உண்டு: தோல் ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை இடைவிடாமல் அளந்து காட்டும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. இரண்டும் தேவையானவையே. ஆனால் கசட்டை வாரி, குரோமை மீட்டு, நீரை மறுசுழற்சிக்குத் தயாராக்கும் தொழிலாளி ஒரு ஷிப்டில் எவ்வளவு நச்சைச் சுவாசிக்கிறார் என்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சுத்திகரிப்பைத் தட்டிக்கழிக்க முடியாத கடமையாக்கியது. ஆற்றைக் காக்க அது அவசியமாக இருந்தது. ஆனால் ஆற்றில் கலக்காமல் தடுக்கப்பட்ட நஞ்சு மறைந்துவிடுவதில்லை; தொட்டியிலும் கசட்டிலும் செறிந்து கிடக்கிறது, அதன் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அடியில் தேங்கிய கசட்டைக் கிளறினாலும் வரும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரித்துவிடும் என்று நம்புவது ஆபத்து: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடுகிறது, நாற்றமே தெரியாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவது இதனால்தான். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசட்டுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அது வாயு விபத்து அல்ல. என்றாலும், கழிவை எங்கே சேர்த்தோம், மனிதர்களை எங்கே படுக்கவைத்தோம் என்பதை அது காட்டியது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. போபாலுக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் தோல் பதனிடுதலை அபாயகரமான தொழில்களில் சேர்த்தது. எட்டு மணி நேர சராசரியாக ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது என்றது. ஆளுக்கொரு உடல்நலப் பதிவேடும் கேட்டது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வரம்பு எந்தச் சட்டத்தில் இருந்தாலும் அளப்பவர் இல்லாவிட்டால் அது வெறும் எண்.

சிறு ஆலைகளுக்குச் செலவு தாங்காது என்பார்கள். தனித்தனியே சுத்திகரிக்க முடியாதவர்கள் கூடித்தானே பொது நிலையங்களைக் கட்டினார்கள்? சட்டைக் காலரில் மாட்டும் வாயு எச்சரிக்கைக் கருவியையும் சிறுநீரில் குரோமியம் பார்க்கும் சோதனையையும் அதே அமைப்பின் வழியே தரலாம். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம்தான், அதனால் பெரிய கெடுதல் இல்லை என்பது அடுத்த வாதம். பெருமளவு சரி. ஆனால் அதுவே சில சூழல்களில் ஆறு இணைதிறனாக மாறுகிறது. ஐரோப்பா காலணியைச் சோதிப்பதும் அதனால்தான். கெடுதல் இல்லை என்பது உண்மையானால் அளவீடு முதலாளிகளுக்கே சாட்சியாகும்.

எனக்குக் கனமாகத் தெரியும் மறுப்பு தொழிலாளர்களுடையது: சோதனையில் கோளாறு தெரிந்தால் வேலை போய்விடும். இந்தப் பயம் நியாயமானது, இதைத் தீர்க்காமல் எந்தச் சோதனையும் நடக்காது. தனிநபர் முடிவு அவர் கையில் மட்டும் போக வேண்டும், நிர்வாகத்துக்குப் பிரிவுவாரியான தொகுப்பு போதும். வேலையிடம் மாற்றப்படுபவருக்குக் கூலி குறையக் கூடாது. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய பதிவு தொலையாதபடி, அது தொழிலாளியோடு போகும் அட்டையாக இருக்க வேண்டும். தோல் கழிவு வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைக்கச் சொன்னது. அந்தக் குழு ஆற்று நீரோடு கசட்டுத் தொட்டிக் காற்றையும் தணிக்கையில் சேர்க்கட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் அந்த அளவுகளை மாதந்தோறும் தமிழில் ஆலை வாசலில் ஒட்டவைக்கட்டும். வெளிமாநிலத் தொழிலாளர் வேலை செய்யும் இடங்களில் அவர்கள் மொழியிலும்.