லைசென்ஸ் யார் பேரில்? கல்லாச் சாவி யார் கையில்?

போன மாசம் ஒரு ராத்திரி நியூயார்க்கிலிருந்து என் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி கவர்மெண்ட் லைசென்சோட கஞ்சாக் கடை நடக்குது. வாசல்ல கியூ நிக்குது. கடைக்காரரு கறுப்பரு. கஞ்சா கேஸ்ல உள்ள போயிட்டு வந்தவராம். அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் முதல்ல லைசென்ஸ் குடுத்தாங்களாம். எவனை அடிச்சாங்களோ அவனுக்குத்தான் முதல் பங்குன்னு நீங்க கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவீங்களே, இங்க நடந்துருச்சு மாமா" என்றான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. எங்க பெரியப்பாவின் பெட்ரோல் பங்க் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நியூயார்க்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நடப்பதை நாம் வேடிக்கைச் செய்தியாகப் படிக்கிறவர்கள் இல்லை. 1946இலேயே அண்ணல் அம்பேத்கர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதியவர். 1972இல் பம்பாயில் கிளம்பிய இளைஞர்கள் தங்களுக்குச் சிறுத்தை என்று பெயர் வைத்ததும் அங்கிருந்த கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அதனால் அவன் சொன்னதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. ஒரு மாசமாகத் தேடிப் படித்தேன்.

அங்கே கஞ்சாவை முடக்க 1937இல் ஒரு வரிச் சட்டம் வந்தது. 1970இல் வந்த சட்டம் அதை ஆகக் கொடிய போதைப்பொருள்களின் முதல் பட்டியலில், ஹெராயின் பக்கத்தில் உட்கார வைத்தது. நியூயார்க் மாநிலம் 1977இல் கொஞ்சம் இளகியது. 25 கிராம் வரை சட்டைப்பையில் வைத்திருந்தால் அபராதம் மட்டும். பலர் பார்க்கும்படி வெளியே வைத்திருந்தால்தான் கைது. கேட்க நல்லாத்தான் இருக்கு. போலீஸ் என்ன செய்தது தெரியுமா? தெருவில் போகிற கறுப்பினப் பையனை நிறுத்தி, "பையில இருக்கறத எடு" என்றது. எடுத்தான். எடுத்ததும் அது "பலர் பார்க்கும்படி" ஆகிவிட்டது. கையில் விலங்கு. 2011 என்ற ஒரே வருஷத்தில் நியூயார்க் நகரில் இப்படிச் சின்ன அளவுக் கஞ்சாவுக்காகக் கைதானவர்கள் சுமார் 50,000 பேர். பத்தில் எட்டுக்கும் மேல் கறுப்பரும் லத்தீனோக்களும். வெள்ளைக்காரன் பிடிக்கவில்லையா? பிடித்தான். அமெரிக்கச் சிவில் உரிமைகள் ஒன்றியத்தின் 2020 அறிக்கை சொல்வது இது: இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிடிக்கிறார்கள், ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காக ஒரு கறுப்பர் கைதாகும் வாய்ப்பு நாடு முழுக்க வெள்ளையரைவிட 3.64 மடங்கு.

"கஞ்சா கேஸ் போட்டு உள்ள தள்ளிருவேன்." நம்ம காலனிப் பையன்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் மீசை முளைத்தவன் எத்தனை பேர்? ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு லைசென்சோடு பாங் கடை நடக்கிறது. 1985ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டம் அந்தச் செடியின் பூவையும் காயையும்தான் கஞ்சா என்கிறது. தனி இலையை விட்டுவிட்டது. இலையை அரைத்து சிவராத்திரிக்குக் குடித்தால் பக்தி. பூவைச் சுருட்டிச் சுடுகாட்டோரம் பிடித்தால் குற்றம். சட்டம் செடியைப் பார்த்து எழுதியதா, பிடிக்கிற ஆளைப் பார்த்து எழுதியதா?

சரி. நியூயார்க் 2021 மார்ச் 31இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. 21 வயசு ஆனவர்கள் 3 அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம். பழைய தண்டனைகளில் இப்போது குற்றமில்லை என்றானவற்றை ஆவணத்திலிருந்தே அழிக்க வேண்டும். லைசென்சுகளில் பாதி ஒடுக்கப்பட்ட பிரிவினருக்குப் போவது இலக்கு. கஞ்சா வரியில் வருகிற வருமானத்தில் செலவு போக 40 சதவீதம், போலீஸ் சூறையாடிய பகுதிகளுக்கே திரும்ப வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் எழுத முடியாது. போராடித்தான் எழுத வைத்தார்கள், அதை மறுக்கவில்லை.

2022இல் முதல் சில்லறைக் கடைகளுக்கு விதி வந்தது. விண்ணப்பிக்கிறவருக்கோ, அவருடைய பெற்றோர், பிள்ளை, வாழ்க்கைத் துணைக்கோ அந்த மாநிலத்தில் கஞ்சா வழக்கில் தண்டனை இருந்திருக்க வேண்டும். நியாயம். ஆனால் கூடவே இன்னொன்று: இரண்டு வருஷமாவது லாபம் காட்டிய ஒரு தொழிலில் அவருக்குக் குறைந்தது 10 சதவீதப் பங்கு இருந்திருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2,000 டாலர், திரும்ப வராது.

இந்த இடத்தில்தான் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கேசும் இருக்கணும், லாபக் கணக்கும் இருக்கணும். கைதானதால் வேலை போனவன், வாடகை வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன், படிப்பு நின்றவன் எந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பான்? ஆக அதிகமாக அடிபட்டவன் முதல் வடிகட்டியிலேயே வெளியே நிற்கிறான். ஜெயிலுக்குப் போயும் எப்படியோ தலையெடுத்துவிட்டவன் மட்டும் உள்ளே. தெரியாதவனுக்குக் கடையைக் கொடுத்தால் மூழ்கிவிடுவான் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். அதற்குத் தொழில் கற்றுக்கொடுக்கலாமே! வாசலில் நிறுத்துவதா வழி?

2022 நவம்பர் 21இல் முதல் 36 லைசென்ஸ் கொடுத்தார்கள். டிசம்பர் 29இல் மன்ஹாட்டனில் முதல் கடை திறந்தது. அது எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் வீடற்றவர்களுக்கும் வேலை செய்கிற ஹவுசிங் வொர்க்ஸ் என்ற தொண்டு அமைப்பின் கடை. பத்திரிகைகளில் படம் படமாக வந்தது. அதற்குப் பிறகு? 2023 முழுசும் முடிந்தபோது அந்தப் பெரிய மாநிலம் பூராவுக்கும் 50 கடைகூடத் திறந்திருக்கவில்லை. லைசென்ஸ் வாங்கியிருந்தவர்கள் 460 பேருக்கு மேல்.

ஏன் திறக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

இடம் வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து 500 அடி, வழிபாட்டு இடத்திலிருந்து 200 அடி தள்ளி இருக்க வேண்டும். மத்திய அரசுக்குக் கஞ்சா இன்னும் குற்றம் என்பதால், பேங்கில் கடன் வைத்திருக்கிற கட்டடக்காரர் இவர்களுக்கு வாடகைக்கு விட யோசிப்பார். விடுகிறவர் கேட்கிற வாடகையும் அட்வான்சும் வேறு மாதிரி. கடனுக்குப் போனால் பெரிய பேங்குகள் கதவைத் திறக்காது. கடை நடத்தினாலும் கிரெடிட் கார்டு தேய்க்க முடியாது, பெரும்பாலும் ரொக்கம்தான். ரொக்கம் என்றால் திருட்டு பயம், காவலுக்கு ஆள், அதற்குச் சம்பளம்.

வரியில் ஒரு கண்ணி இருந்தது. 1981இல் மினியாபொலிசில் போதைப்பொருள் விற்ற ஒருவர், தொழில் செலவைக் கழித்துத்தான் வரி போடணும் என்று வரி மன்றத்தில் வாதாடி ஜெயித்துவிட்டார். கோபம் வந்த காங்கிரஸ் 1982இல் 280இ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. சரக்கின் கொள்முதல் விலையைத் தவிர வேறு எதையும் கழிக்கக் கூடாது. மாநில லைசென்ஸ் வாங்கிய கடைக்காரர் தலையிலும் அதே பிரிவு விழுந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. 100 டாலருக்கு விற்ற சரக்கு, வாங்கினது 60. வாடகை, சம்பளம், கரண்ட், காவல் 30. நிஜ லாபம் 10. மளிகைக் கடை என்றால் அந்த 10க்கு 21 சதவீதக் கம்பெனி வரி, 2 டாலர் 10 சென்ட். கஞ்சாக் கடை என்றால் 40க்கு வரி, 8 டாலர் 40 சென்ட். மிஞ்சுவது 1 டாலர் 60 சென்ட். பெரிய கம்பெனி இந்த அடியை நாலு வருஷம் தாங்கும். புதுக் கடைக்காரன் நாலு மாசம் தாங்குவானா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. 20 கோடி டாலரில் நிதி வைப்போம், 150 கடையை நாங்களே கட்டிச் சாவியைக் கொடுப்போம் என்றார்கள். அதில் அரசுப் பணம் 5 கோடி. மிச்சம் தனியார் முதலாளிகளிடம் திரட்டுவது. முதலாளி பணம் தர்மத்துக்கு வருமா? கட்டிக் கொடுத்த கடையும் கடனாகவே வந்தது. இடம் தேர்வு செய்ததும் கட்டட வேலைக்கு ஆள் பிடித்ததும் அவர்கள். திருப்பிக் கட்டுகிறவன் மட்டும் இவன். 150இல் பாதியைக்கூட அந்த வருஷம் எட்டவில்லை.

அப்புறம் கோர்ட்டு. 2022 நவம்பரில் மிச்சிகன் தொடர்புள்ள ஒரு கம்பெனி போட்ட வழக்கில் புரூக்ளின் உட்பட ஐந்து பகுதிகளுக்குத் தடை. 2023 மார்ச்சில் பெரிய மருத்துவக் கஞ்சாக் கம்பெனிகள் அடங்கிய கூட்டமைப்பு தனியாக வழக்கு. அதே ஆகஸ்டில், படைப்பணியில் ஊனமுற்ற நான்கு முன்னாள் படைவீரர்கள், சட்டத்தில் எங்கள் பெயரும் இருக்க எங்களை ஏன் முதலில் சேர்க்கவில்லை என்று கேட்டு வாங்கிய தடை. (அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது. அடிபட்டவனும் அடிபட்டவனும் மோதிக்கொள்ள, அகலக் கால் வைத்தவன் காத்திருப்பான். நமக்கும் பழக்கமான காட்சிதான்.) டிசம்பரில் தடை விலகியது. அதுவரை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் நகரம் முழுக்க லைசென்சே இல்லாத கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. அவற்றைப் பூட்டுவதற்கு 2024இல்தான் அரசுக்கு வேகம் வந்தது.

இதையும் கேளுங்க. 2025 ஜூலையில் அதே கஞ்சா நிர்வாக அலுவலகம் சுமார் 150 இடங்களுக்குக் கடிதம் போட்டது: பள்ளிக்கூட வாசலிலிருந்து நாங்கள் தூரம் அளந்தது தப்பு, சட்டப்படி பள்ளி வளாக எல்லையிலிருந்து அளக்கணும், உங்கள் கடை கிட்டத்தில் வருகிறது. அளந்தது ஆபீஸ். சரி என்று முத்திரை குத்தியதும் ஆபீஸ். கடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவன் கடைக்காரன். கோர்ட்டுக்குப் போய்த்தான் மூச்சு விட்டார்கள்.

நியூயார்க்கில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இல்லினாய் மாநிலத்தில் விற்பனை 2020 ஜனவரி 1இல் தொடங்கியது. திறந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுக்கொண்டிருந்த கம்பெனிகள். ஒடுக்கப்பட்டோருக்கான லைசென்சில் முதல் கடை திறந்தது 2022 நவம்பரில். ஏறக்குறைய மூன்று வருஷம் சந்தை அவர்களுக்கு மட்டும். அங்கே தகுதி விதியில் ஒரு ஓட்டை வேறு. முதலாளி யாராக இருந்தாலும் பரவாயில்லை, பத்துப் பேரை வேலைக்கு வைத்து அதில் பாதிக்கு மேல் பாதிக்கப்பட்ட பகுதி ஆட்களாக இருந்தால் அவரும் "சமூக நீதி" விண்ணப்பதாரர்தான்!

இங்கேதான் பெரியப்பா வருகிறார்.

90களில் எஸ்.சி. ஒதுக்கீட்டில் அவர் பேருக்கு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஊரே திரண்டு மாலை போட்டது. நானும் பட்டாசு வெடித்தேன். ஆனால் ரோட்டோரத்தில் நிலம் யாரிடம் இருந்தது? முதல் லோடுக்குப் பணம் யாரிடம் இருந்தது? பேங்கில் அடமானம் கேட்டார்கள். எங்களுக்கு இருந்தது காலனிப் பட்டாவில் ஒன்றரை சென்ட். பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் "நான் பார்த்துக்கறேன்" என்று வந்தார். பெரியப்பாவுக்கு மாசம் 3,000 ரூபாய். காத்துப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கல்லாவில் அந்த வீட்டு மச்சினன். பெரியப்பா வேலை, எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுவது. அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தினம் போவார், முதலாளி என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க. ஆறு வருஷம் கழித்து வரி பாக்கி நோட்டீஸ் வந்தது. அது மட்டும் சரியாகப் பெரியப்பா பேருக்கே வந்தது. பெரியம்மாவின் தாலிக்கொடி அதில்தான் போயிற்று.

நியூயார்க்கில் இதைத் தடுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பணம் போட்டவன், லாபத்தில் பங்கு வாங்குகிறவன், முடிவெடுக்கிறவன் எல்லாரையும் கணக்கில் காட்ட வேண்டும். ஒடுக்கப்பட்டவர் கையில் 51 சதவீதமும் முழுக் கட்டுப்பாடும் இருக்க வேண்டும். நல்ல விதி. பெரியப்பாவுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பங்க் திறந்தே இருக்காது. பினாமியைத் தடை செய்துவிட்டு முதலைக் கொடுக்காமல் விட்டால், கையில் இருப்பது சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ் மட்டும்தான்.

அதனால் நான் சொல்வது இது. ஜெயிலில் போட்ட அரசுதான் கடையையும் கொடுக்கணும். கடனாக இல்லை, நட்டஈடாக. ஆயிரக்கணக்கான பேரைக் கைது செய்ய, கோர்ட்டுக்கு இழுக்க, பூட்டி வைத்துச் சோறு போடப் பணம் இருந்ததா இல்லையா? அப்போது எந்த முதலாளியிடமும் வட்டிக்கு வாங்கவில்லையே. பொதுக் கட்டடங்களில் இடம், முதல் இரண்டு வருஷச் சரக்குக்கு முதல், லாபக் கணக்குக் கேட்காத பயிற்சி, இந்தக் கடைகள் காலூன்றும்வரை பெரிய கம்பெனிக்குக் கதவடைப்பு. இவ்வளவும் சேர்ந்தால்தான் லைசென்ஸ்.

இதை எங்கள் மகளிர் குழுவில் பேசியபோது ஒரு அக்கா எழுந்து, "அண்ணே, சாராயக் கடையை மூடச் சொல்லி ரோட்டுல உக்காந்தவங்க நாங்க. நீங்க கஞ்சாக் கடை எப்படித் தொறக்கணும்னு வகுப்பு எடுக்கறீங்களா?" என்றார். நான் உளறினேன். போதை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த ஊரில் கடை திறக்கணும் என்று முடிவாகிவிட்டது. கல்லாவில் யார் என்பதுதான் மிச்சம் என்றேன். "நம்ம ஊருக்கு வராதா?" என்றார். உத்தரகாண்ட் 2018இலேயே தொழிலுக்கான சணல்வகைக் கஞ்சாப் பயிருக்கு லைசென்ஸ் கொடுத்தாயிற்று. 2024 செப்டம்பரில் இமாச்சலச் சட்டமன்றமும் மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடும் பக்கம் சாய்ந்தது. வரட்டும் வராமல் போகட்டும். வந்தால் முதல் விண்ணப்பம் யாருடையதாக இருக்கும் என்று அந்த அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுக்குக் குறைந்தது பத்து வருஷம் என்று உள்ளே கிடக்கிற சுமை தூக்கியவன் விண்ணப்பம் போடப் போவதில்லை.

அக்கா மகனுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கறுப்பர் கடையின் வாடகைப் பத்திரம் யார் பேரில்? கடன் யாரிடம், என்ன வட்டி? ராத்திரி கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது யார்? "சனிக்கிழமை லீவு மாமா, போய்ப் பேசிட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறான்.